தங்கை மகனுக்கு சீலியாக்: என் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம்:

"என் தங்கை கல்யாணமாகி மிலானில் இருக்கிறாள். அவள் மகனுக்கு ஆறு வயது. நன்றாகச் சாப்பிட்டு, ஓடியாடி விளையாடுகிற பிள்ளை. அங்கே அரசு நடத்தும் இலவசப் பரிசோதனையில் விரலில் குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். சீலியாக் நோயாக இருக்கலாம் என்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலும் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். இனி வாழ்நாள் முழுக்கக் கோதுமை கூடாதாம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஏழு. பயந்துபோய் மூன்று வாரமாக வீட்டில் சப்பாத்தி, பிரெட், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இவர்களுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? இத்தாலியில் எல்லாக் குழந்தைகளுக்கும் எடுக்கிறார்களே, நம் பள்ளிகளில் ஏன் எடுப்பதில்லை? மகனுக்கு ஒரு குறையும் இல்லை. மகள்தான் கொஞ்சம் பூஞ்சை உடம்பு. வகுப்பில் இவள்தான் குள்ளம். ஹீமோகுளோபின் 9-லேயே நிற்கிறது, எட்டு மாதமாக டானிக் குடிக்கிறாள். மற்றபடி ஒன்றும் இல்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாகச் சப்பாத்தியைத் திரும்பப் போடுங்கள். இன்றிரவே போட்டாலும் சரி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் காலத்தில் கோதுமையை நிறுத்துவதுதான் எல்லாரும் செய்யும் தவறு, நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. இதைப் படித்துவிட்டு மீதியை நாளைக்குப் படித்தாலும் பாதகமில்லை.

சீலியாக் என்பது கோதுமை ஒவ்வாமை இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் போகும்போது, சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகிவிடும். உணவில் சத்து இருக்கும், உடம்பில் ஒட்டாது. கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுசொன்னவர் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே பட்டினி கிடந்தபோது, இந்த நோயுள்ள பிள்ளைகள் மோசமாகவில்லை. ரொட்டி திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பி வந்தது. போருக்கு முன்பிருந்தே அவருக்கு இருந்த சந்தேகம் அதில் உறுதிப்பட்டது.

மருந்து கிடையாது. குளூட்டனை அடியோடு விட்டுவிட்டால் குடல் தானே ஆறிவிடும். வாழ்நாள் முழுக்க விட வேண்டும், அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பெரியது என்று உங்கள் தங்கையைக் கேட்டால் சொல்வார்.

இனி இத்தாலிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2023 செப்டம்பரில் இத்தாலி ஒரு சட்டம் போட்டது. 1 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு, முதல் வகைச் சர்க்கரை நோய், சீலியாக் இரண்டையும் நாடு முழுவதும் ரத்தப் பரிசோதனையில் தேட வேண்டும் என்பது அந்தச் சட்டம். இப்படிச் சட்டம் போட்ட முதல் நாடு அதுதான். நாடு முழுக்க இறங்குவதற்கு முன் லொம்பார்டி, மார்கே, கம்பானியா, சார்டீனியா என்ற நான்கு மாகாணங்களில் 2, 6, 10 வயதுப் பிள்ளைகளிடம் முன்னோட்டம் நடத்தினார்கள். மிலான் லொம்பார்டியில் இருக்கிறது. உங்கள் தங்கை மகனுக்கு ஆறு வயது. அப்படித்தான் அவன் அதில் வந்திருப்பான்.

அவர்கள் இதை அவசரப்பட்டுச் செய்யவில்லை. முப்பது வருடக் கதை அது. 1990-களிலேயே இத்தாலிய மருத்துவர்கள் 17,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 184 பேரில் ஒருவருக்கு சீலியாக் இருந்தது. அதைவிட அதிர்ச்சி, ஏற்கெனவே தெரிந்த ஒரு பிள்ளைக்குத் தெரியாத பிள்ளைகள் ஏழு பேர். கடலில் பனிப்பாறையின் தலை மட்டும் தெரிவதுபோல என்று இந்த நோயைச் சொல்லும் வழக்கம் அந்த நாட்களில்தான் பரவியது. அண்மையில் 7,760 பள்ளிப் பிள்ளைகளிடம் மறுபடி பார்த்தபோது நூறு பேரில் 1.65 பேருக்கு இருந்தது. ஆக, எண்ணிக்கை கூடியிருக்கிறது. இத்தனை வருட விழிப்புணர்வுக்குப் பிறகும், நோய் இருந்த பிள்ளைகளில் பத்துக்கு ஆறு பேருக்கு அந்தச் சோதனை நடக்காவிட்டால் தெரிந்தே இருக்காது.

சுவீடனிலும் இதே கதைதான். 1980-களின் நடுவில் அங்கே இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் சீலியாக் திடீரென நான்கு மடங்காகி, பத்து வருடம் கழித்துத் தணிந்தது. அந்த அலையின்போது பிறந்த, 12 வயதை எட்டிய ஏழாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைச் சோதித்ததில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருந்தது. மூவரில் இருவருக்கு அதுவரை தெரியாது.

"அறிகுறி உள்ள பிள்ளைகளை மட்டும் பார்த்தால் போதாதா?" என்று கேட்கலாம். அந்த சுவீடன் பிள்ளைகளிடம் இதையும் பார்த்தார்கள். முடிவு தெரிவதற்கு முன்பே வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு எனக் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்கியிருந்தார்கள். தெரியாமல் சீலியாக் இருந்த பிள்ளைகளில் அறிகுறி சொன்னவர்கள் நூற்றுக்கு 38 பேர். நோயே இல்லாதவர்களில் 37 பேர்! பன்னிரண்டு வயதில் யாருக்குத்தான் வயிறு வலிப்பதில்லை? இத்தாலியின் முடிவுக்குப் பின்னால் இருக்கும் நியாயம் இதுதான். நோய் அங்கே சர்வசாதாரணம், அறிகுறியை வைத்துப் பிடிக்க முடியவில்லை, சோதனை எளிது, மருத்துவம் இருக்கிறது.

ஆனால் எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் நோய்த்தடுப்புப் பரிந்துரைகளை ஆராயும் நிபுணர் குழு 2017-இல், அறிகுறி இல்லாதவர்களைத் தேடிப் பிடிப்பதால் நன்மை அதிகமா தீமை அதிகமா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று நிறுத்திக்கொண்டது. அதிலும் அர்த்தம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை தேடுவது எதிர்ப்பொருளை, அதாவது இந்த நோயில் நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் புரதத்தை. அது ரத்தத்தில் இருந்தும் குடல் நன்றாகவே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கோதுமை சாப்பிடவிட்டே பல வருடம் கவனித்தார்கள். சிலருக்குக் குடல் கெட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு எதிர்ப்பொருள் தானாகவே மறைந்துபோனது. அவர்களுக்கெல்லாம் முதல் நாளே "ஆயுளுக்கும் ரொட்டி தொடாதே" என்று சொல்லியிருந்தால்? இன்னொன்று, ஒருமுறை சோதித்து இல்லையென்று வந்தால் அது அன்றைக்கு இல்லை என்றுதான் பொருள். அமெரிக்காவின் டென்வரில் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த பிள்ளைகளில் 15 வயதுக்குள் நூற்றுக்கு மூன்று பேருக்கு சீலியாக் வந்தது. எல்லாருக்கும் ஒரே வயதில் வந்துவிடவில்லை. இத்தாலியர்கள் 2, 6, 10 என்று மூன்று வயதுகளை எடுத்துக்கொண்டதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தரும் ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. வட இந்தியா, வடகிழக்கு, தெற்கே வேலூர்ப் பகுதி என்று மூன்று வட்டாரங்களில் ஆரோக்கியமான பெரியவர்கள் 23,331 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம். வடகிழக்கில் 0.87. தெற்கே 0.10. அதாவது வடக்கே நூற்றுக்கு ஒருவருக்கு மேல், இங்கே ஆயிரத்துக்கு ஒருவர். நோய் என்றே கணக்கில் சேர்த்தவர்கள் இங்கே பத்தாயிரத்துக்கு ஒருவர்தான்.

நமக்கு மரபணு வேறோ என்றால் அதுவும் இல்லை. இந்த நோய் வர டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபணு வகை வேண்டும். அது வடக்கே நூற்றுக்கு 38 பேரிடம் இருந்தது, தெற்கே 36 பேரிடம். ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம். இங்கே 25 கிராம். துப்பாக்கி நம் வீட்டிலும் இருக்கிறது, தோட்டாதான் குறைவு. கோதுமையே சாப்பிடாமல் சீலியாக் வராது. எவ்வளவு சாப்பிட்டால், எதனால் மரபணு உள்ள எல்லாருக்கும் வராமல் சிலருக்கு மட்டும் வருகிறது என்பதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

இந்த ஆயிரத்துக்கு ஒன்று என்பதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ரத்தப் பரிசோதனை செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை மிக நல்லது, நோய் உள்ள யாரையும் தவறவிடாது, நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டும் தவறாக "இருக்கிறது" என்று காட்டும் என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். நோயும் ஆயிரத்தில் ஒருவருக்கு உண்டு என்றே கொள்வோம். உண்மையில் நோயுள்ள பிள்ளைகள் 100 பேர் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 99,900 பேரில் 999 பேர் அவர்களோடு சேர்ந்து பிடிபடுவார்கள். "உங்கள் பிள்ளைக்கு சீலியாக் இருக்கலாம்" என்ற தாள் 1,099 வீடுகளுக்குப் போகும். அதில் பதினொன்றுக்கு ஒன்றுதான் உண்மை.

அதே பரிசோதனையை, அதே கணக்கில், நூற்றுக்கு 1.6 பேருக்கு நோய் உள்ள இத்தாலியில் செய்தால்? 1,600 உண்மை, 984 பொய். தாள் வந்த வீடுகளில் ஐந்துக்கு மூன்று நிஜம். பரிசோதனை அதேதான். ஊர் மாறினால் அதன் அர்த்தம் மாறிவிடுகிறது. மருத்துவக் கல்லூரியில் இதை மாணவர்களுக்குப் புரியவைக்க நான் படாத பாடு படுவேன். நீங்கள் வீட்டுக் கணக்குப் போட்டுப் பழகியவர், ஒரே வாசிப்பில் பிடித்துவிடுவீர்கள்.

இரண்டாவது பரிசோதனை வைத்துப் பொய்யானவற்றைக் கழித்துவிடலாமே என்றால், பெரும்பாலும் முடியும். இத்தாலியிலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கழித்தலை யார் செய்வது? மறுபடி ரத்தம், தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பி, குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. குழந்தைகளுக்கு இதைச் செய்பவர்கள் சென்னை, கோவை, வேலூர், மதுரை போன்ற ஊர்களில் இருக்கிறார்கள், தாளவாடியில் இல்லை. பயாப்ஸியும் நம் மண்ணில் இரண்டும் கெட்டானாகப் பேசும். 1960-களில் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோய் கொள்ளைநோய்போலப் பரவியது. அதிலும் குடல் உறிஞ்சிகள் மழுங்கும். சுத்தமில்லாத தண்ணீரில் வளரும் பிள்ளைகளுக்கு நோயே தெரியாமல் உறிஞ்சிகள் கொஞ்சம் மழுங்கியிருப்பதும் உண்டு. தட்டையான குடலைக் கண்டதும் சீலியாக் என்று முத்திரை குத்த இங்கே கை கொஞ்சம் தயங்க வேண்டும்.

அப்புறம், கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வி. இத்தாலியில் 2005-லேயே சீலியாக் நோயாளிகளுக்கென்று சட்டம் உண்டு. பள்ளி உணவகத்தில் குளூட்டன் இல்லாத சாப்பாடு கேட்டால் தர வேண்டும். குளூட்டன் இல்லாத மாவு, ரொட்டி, பாஸ்தா வாங்க மாதந்தோறும் அரசு ஒரு தொகை தருகிறது. அந்த ஏற்பாடுகள் இருந்ததால்தான் தேடிப் பிடிக்கும் துணிவு வந்தது. இங்கே தேடிப் பிடித்துவிட்டு, பிள்ளையின் கையில் ஒரு தாளை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது நியாயமாகாது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது வயது. "முழு உடல் பரிசோதனை" என்று தள்ளுபடியில் கிடைத்த ஏதோ ஒரு பாக்கேஜில் சீலியாக் டெஸ்டும் சேர்ந்திருந்தது. எல்லையைக் கொஞ்சமே தாண்டி "பாசிட்டிவ்". யாரும் மறுபடி பார்க்கவில்லை. ஒரு வருடம் பிறந்தநாள் கேக் இல்லை, பரோட்டா இல்லை, உறவினர் கல்யாணங்களுக்கே போகவில்லை. என்னிடம் வந்தபோது அவன் அம்மா கையில் டிபன் கேரியர். கோதுமையைத் திரும்பக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து ரத்தம், பிறகு பயாப்ஸி. எதிலும் ஒன்றும் இல்லை. அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ கொத்து பரோட்டா?"

இதனால்தான் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இன்றைய நிலையில் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்பது என் கருத்து. இன்றைய நிலையில் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த 25 கிராம் பெரியவர்களிடம் எடுத்த கணக்கு. நம் பிள்ளைகளின் தட்டு அவர்கள் அப்பா அம்மாவின் தட்டு இல்லை. இரவில் சப்பாத்தி, ஸ்நாக்ஸுக்கு பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸ். பள்ளிக் காலை உணவிலேயே ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவா உப்புமா எல்லாம் இருக்கின்றன. பசியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய வரம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கோதுமை நல்ல உணவுதான், நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு. ஆனால் இன்னும் பத்து இருபது வருடத்தில் தெற்கின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு ஒன்றிலேயே நிற்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். பிள்ளைகளிடம் மறுபடி ஓர் ஆய்வு செய்து பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுக்கள் ரத்தசோகை உள்ள பிள்ளைகளையும் வளர்த்தி குறைந்த பிள்ளைகளையும் ஏற்கெனவே பிரித்து எழுதுகிறார்கள். பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்து மூன்று மாதமாகியும் தேறாத பிள்ளைகளுக்கு மட்டும் இந்த டெஸ்ட்டைச் சேர்த்தால், அங்கே நோய் இருக்கும் வாய்ப்பு கூடுதல், பொய்த்தாள் குறையும். சுவீடன் அனுபவம் சொல்வதுபோல இதில் பலர் தப்பிப் போவார்கள்தான். ஒன்றும் செய்யாமலிருப்பதற்கு இது மேல்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

நம் முறையில் உங்கள் தங்கை மகன் உங்கள் பிள்ளைகளுக்குத் தம்பிதான். நீங்கள் அவனுக்குப் பெரியம்மா, பாதி அம்மா. மருத்துவக் கணக்கு அவ்வளவு பாசமாக இருக்காது. பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்ற பிள்ளைகள் இவர்கள்தான் முதல் வட்டம். இந்த நோய் உள்ளவரின் முதல் வட்டத்தில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு அது இருக்கிறது. அவர்கள் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பிள்ளைகள் மூன்றாவது வட்டம். அங்கே போகப் போகத் தொடர்பு மெலிந்துவிடும்.

அதனால் வரிசை இப்படி. உங்கள் தங்கையும் அவர் கணவரும் மிலானிலேயே பார்த்துக்கொள்ளட்டும், மருத்துவர்கள் சொல்லியே இருப்பார்கள். அந்தப் பையனுக்கு உடன்பிறந்தவர் இருந்தால் அவர்களும். தங்கைக்கு இல்லை என்று வந்தால், மரபணு மாப்பிள்ளை வழியிலும் வந்திருக்கலாம், உங்கள் பக்கம் கவலை அநேகமாக அடங்கிவிடும். தங்கைக்கு இருக்கிறது என்று வந்தால் நீங்கள் முதல் வட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் இருந்தால்தான் அந்தக் காரணத்துக்காகப் பிள்ளைகள். உங்கள் மகன் ஏழு வயது, ஒரு குறையும் இல்லை. அவனுக்கு இப்போது எதுவும் வேண்டாம்.

மகள் விஷயம் வேறு. கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில், "மற்றபடி ஒன்றும் இல்லை" என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதமே அந்த மூன்று வாக்கியங்களில்தான் இருக்கிறது. பதினொரு வயது, வகுப்பிலேயே குள்ளம், எட்டு மாத டானிக்குக்குப் பிறகும் ஹீமோகுளோபின் 9. மிலானில் யாருக்கும் எதுவும் வராமலிருந்தாலும் இந்தப் பிள்ளைக்கு நான் சீலியாக் டெஸ்ட் கேட்டிருப்பேன். இது குறை இல்லாதவர்களிடமும் தேடிப் பார்க்கும் ஸ்கிரீனிங்கே இல்லை. நோய்க்குக் காரணம் தேடுவது.

உடனே பதறாதீர்கள். ஹீமோகுளோபின் ஏறாததற்கு இந்த ஊரில் சீலியாக்கைவிடச் சாதாரணமான காரணங்கள் பல. டானிக் ஒழுங்காக உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள். கறுப்பாக மலம் போகவில்லை என்றால், டானிக் வாஷ்பேசினுக்குள் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், என் அனுபவத்தில் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு ஒட்டாது. கொக்கிப்புழு இருக்கலாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் லேசான வகை இருந்தால் ரத்தம் இரும்புக் குறைவுபோலவே காட்டும், டானிக் எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது.

குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), ரத்த அணுக்களின் தோற்றம், மலப் பரிசோதனை, தலசீமியாவுக்கான ஹீமோகுளோபின் பிரிப்பு இவற்றைக் கேளுங்கள். அதே ரத்தத்தில் சீலியாக்குக்கு டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளையும், மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து வேண்டும். ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை. சிலருடைய உடம்பில் பிறவியிலேயே அது இருக்காது. சீலியாக் உள்ளவர்களில் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம், நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். அவர்களுக்கு முதல் டெஸ்ட் "இல்லை" என்று பொய் சொல்லும். இதோடு "எந்தெந்த உணவு ஒத்துக்கொள்ளாது" என்று நூறு உணவுகளுக்குச் சோதிக்கும் ஐஜிஜி பட்டியல் ஒன்றையும் விற்க வருவார்கள். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது அந்தச் சப்பாத்தி. குளூட்டன் உள்ளே போனால்தான் இந்த எதிர்ப்பொருள் உருவாகும், குடலும் தாக்கப்படும். நிறுத்தினால் எதிர்ப்பொருள் மெல்ல மெல்ல இறங்கும், குடல் ஆறும், டெஸ்ட் ஒன்றும் காட்டாது. நோய் இருந்தும் தெரியாமல் போகும். மூன்று வாரத்தில் எல்லாம் மறைந்துவிடாதுதான், ஆனால் எதற்கு வம்பு? மகளுக்குத் தினமும் இரண்டு சப்பாத்தி அளவுக்குக் கோதுமை இருக்கட்டும். எத்தனை நாள் கழித்து ரத்தம் எடுப்பது என்று மருத்துவர் சொல்வார். மாதக்கணக்கில் நிறுத்தியவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் திரும்பக் கொடுத்துவிட்டுத்தான் பார்ப்போம். நீங்கள் மூன்று வாரத்தில் கேட்டுவிட்டீர்கள், நல்லதாயிற்று.

டிடிஜி எல்லையைப் பத்து மடங்கு தாண்டி, வேறொரு நாள் எடுத்த ரத்தத்தில் இரண்டாவது எதிர்ப்பொருளும் இருந்தால், பயாப்ஸி இல்லாமலே உறுதி செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. உங்கள் தங்கை மகனுக்கும் ஒருவேளை அப்படித்தான் செய்திருப்பார்கள். நான் இங்கே இன்னும் பெரும்பாலும் பயாப்ஸி கேட்கிறேன். நோய் அரிதான இடத்தில் ஆயுளுக்குமான முடிவை எடுக்கும்போது இன்னொரு சாட்சி இருக்கட்டும் என்பது என் எண்ணம். என்னோடு உடன்படாத நல்ல மருத்துவர்களும் உண்டு.

ஒருவேளை மகளுக்கு இருக்கிறது என்றே வந்தால், மிலானில் உங்கள் தங்கை படும் பாட்டில் பாதிகூட உங்களுக்கு இருக்காது. இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல், கம்பு, கேழ்வரகு, சாமை, வரகு, பருப்பு, மீன், முட்டை எதிலும் குளூட்டன் கிடையாது. தொல்லை ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. கட்டிப் பெருங்காயம், தூள் பெருங்காயம் பலவற்றில் மைதா கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பாலில் கலக்கும் மால்ட் பானங்கள் பார்லியிலிருந்து வருபவை. மில்லில் கோதுமை அரைத்த கையோடு உங்கள் கேழ்வரகைக் கொட்டினால் அதில் கோதுமையும் வரும். சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை கூடாது. கடைப் பொருளில் குளூட்டன் இல்லை என்று போட வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. எவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்று இதிலிருந்து தெரியும். ஆனால் அந்தப் பேச்செல்லாம் ரிசல்ட் வந்த பிறகு.

மருத்துவரிடம் போகும்போது, பள்ளியில் மகளின் உயரம், எடை எழுதிவைத்த அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். மூன்று வருடத்துக்கு முன்பும் இவள் வரிசையில் முதலாவதாகத்தான் நின்றாளா, இல்லை நடுவில் நின்று பிறகு பின்தங்கினாளா என்பது எனக்கு அந்த ரத்தப் பரிசோதனைக்குச் சமமான செய்தி. உங்கள் உயரத்தையும் உங்கள் கணவர் உயரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.